கூத்துப் பதிவுகளை எழுதும்போது டிவிடி ரைட்டர் பாதியில் நிற்கிறது: எந்த வகை ரைட்டர் வாங்கலாம்?

கேள்வி (பென்னாகரம்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தை என் தந்தையார் பல ஆண்டுகள் வீடியோ எடுத்து வைத்திருந்தார். அவற்றை டிவிடியாக்கி, ஆடிய கலைஞர்களின் வீடுகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். மூத்த கலைஞர்கள் பலரது வீட்டில் இன்றும் டிவிடி பிளேயர்தான் இருக்கிறது. இதற்கென்று வாங்கிய ஸ்லிம் யுஎஸ்பி ரைட்டர், சிடியைக் குறையின்றி எழுதுகிறது. டிவிடி என்றால் மட்டும் பாதியில் நிற்கிறது, அல்லது தொடக்கத்திலேயே 'பவர் காலிப்ரேஷன் எரர்' என்கிறது. லேப்டாப்பில் போர்ட் குறைவு என்பதால் மவுஸ், ஹார்டு டிஸ்க், ரைட்டர் மூன்றையும் ஒரே ஹப்பில் செருகியிருக்கிறேன். இதுவரை 7 டிஸ்க் வீணாகிவிட்டன. ரைட்டரை மாற்றுவதென்றால் ஸ்லிம், கேபினெட்டுக்குள் பொருத்துவது, புளூ-ரே ஆகியவற்றில் எதை வாங்கலாம்?

மறுமொழி (கிருஷ்ணகிரி, கணினி பழுதுபார்ப்பவர்):
ஐயா, புதிதாக வாங்கும் முன் ஹப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எழுதத் தொடங்குமுன் ரைட்டர், டிஸ்க்கின் உட்பகுதியில் லேசரைச் சோதித்து, எவ்வளவு திறன் வேண்டுமென்று கணிக்கும். அது தவறும்போதுதான் நீங்கள் சொல்லும் எரர் வரும். தரமற்ற டிஸ்க், லென்ஸில் தூசு, மின்சாரக் குறைவு ஆகிய மூன்றுமே காரணமாகலாம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் தருவது 900. தனி அடாப்டர் இல்லாத ஹப், அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தையே மூன்று கருவிகளுக்கும் பங்கிடுகிறது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 என இரண்டும் தனித்தனி என்பதால், சிடி சரியாக எழுதுவதை வைத்து டிவிடி லேசரும் நலம் என்று முடிவு செய்துவிட முடியாது. நேரடியாக 3.0 போர்ட்டில் செருகி, வேகத்தை 4எக்ஸ் என்று வைத்து ஒரு டிஸ்க் எழுதிவிட்டுச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. ஹப்பை நீக்கியதும் அடுத்தடுத்து 3 டிஸ்க் முழுமையாக எழுதப்பட்டன. முன்பு தட்டு சுழலும் ஓசை ஏறி ஏறித் தாழும். இப்போது ஒரே சீராகக் கேட்கிறது. ஆனால் விடிய விடிய நடக்கும் ஒரு கூத்துக்கே 4 டிஸ்க் ஆகிறது; 30 வீடுகளுக்கு எழுத இந்த ரைட்டர் தாங்குமா?

மறுமொழி (காவேரிப்பட்டணம், வீடியோ ஸ்டுடியோ):
தம்பி, 120 டிஸ்க் என்றால் ஸ்லிம் ரைட்டரை வதைக்காதீர்கள். ஸ்லிம் வகை பொதுவாக 8எக்ஸ் வரைதான் எழுதும். கேபினெட்டுக்குள் சாட்டா கேபிள் வழியே பொருத்தும் பெரிய ரைட்டர் 16எக்ஸுக்கு மேலும் போகும். ஆயினும் நான் பெரியதைப் பரிந்துரைப்பது வேகத்துக்காக அன்று, உறுதிக்காக. திருமண வீடியோக்களைப் பல ஆண்டுகள் நான் எழுதியது அதில்தான், அதையும் 8எக்ஸைத் தாண்ட விட்டதில்லை. ஸ்லிம் 5 வோல்ட்டில் ஓடும், பெரியதற்கு 12 வோல்ட்டும் வேண்டும். ஆகவே லேப்டாப்பில் இணைக்க, தனி பவர் அடாப்டருடன் வரும் சாட்டா-யுஎஸ்பி இணைப்பியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய டெஸ்க்டாப் கிடைத்தால் அதிலேயே பொருத்திவிடலாம்.

புளூ-ரே டிஸ்க் ஒன்றில் 25 ஜிபி கொள்ளும், டிவிடியில் 4.7 தான். தந்தையாரின் மூலப் பதிவைச் சேமிக்க அது நல்லதுதான். ஆனால் கலைஞர்களின் வீட்டு டிவிடி பிளேயரில் ஓடாது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கையும் சில பழைய பிளேயர்கள் படிக்கத் திணறும், எனவே சாதாரண டிவிடி-ஆர் போதும். வெறும் கோப்பாக எழுதாமல் டிவிடி வீடியோவாக எழுதி, 'பைனலைஸ்' செய்ய (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி டிஸ்க்கை நிறைவுசெய்ய) மறக்காதீர்கள்.

கேட்டவர்:
பைனலைஸ் செய்யாததால்தான் முதலில் எழுதிய டிஸ்க் பக்கத்து வீட்டுப் பிளேயரில் ஓடவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது. தெரிந்தவர் ஒருவரின் பழைய டெஸ்க்டாப்பில் சாட்டா ரைட்டரைப் பொருத்தி, 8எக்ஸில் 12 டிஸ்க் எழுதினேன், அனைத்தும் ஓடுகின்றன. கர்ணனாக ஆடிய பெரியவரின் வீட்டில் இன்று மாலை முதல் டிஸ்க்கைப் போட்டுக் காட்டினேன்.