கழுவியதும் அணைந்துபோகும் பெரோவ்ஸ்கைட் நானோ படிகம்: எங்கே தவறுகிறேன்?

குடுவைக்காரி:
முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்பு கொண்ட சீசியம் லெட் (காரீய) புரோமைடு நானோ படிகங்களை 2015இல் ஜூரிச் குழு வெளியிட்ட முறையில் செய்கிறேன். 69 மில்லிகிராம் லெட் புரோமைடு, கரைப்பானாக 5 மி.லி. ஆக்டாடெசீன், ஒலெயிக் அமிலமும் ஒலெயில்அமீனும் அரை அரை மி.லி. வெற்றிடத்தில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, 170 டிகிரியில் சீசியம் ஒலியேட்டை ஊசியால் செலுத்தி, ஐந்து நொடியில் பனிநீரில் இறக்கிவிடுகிறேன். அதுவரை குறையே இல்லை. புற ஊதா விளக்கின்கீழ் கண்ணைப் பறிக்கும் பச்சை; ஒளிர்வு உச்சம் 514 நானோமீட்டர்.

அசிட்டோன் ஊற்றி சென்ட்ரிபியூஜில் சுற்றி, டொலுயீனில் கலக்கினால் முதல் கழுவலிலேயே மங்குகிறது. இரண்டாவதில் பாதிக்குமேல் போய்விடுகிறது. மறுநாள் காலை குப்பியின் அடியில் மஞ்சள் வண்டல், மேலே பால்போன்ற வெண்மை. விளக்கைக் காட்டினால் பச்சையே இல்லை. மூன்று முறை செய்துவிட்டேன், மூன்று முறையும் இதே கதை. முன்பு காட்மியம் செலினைடு நானோ படிகங்கள் செய்திருக்கிறேன். அது நான்கு கழுவலையும் தாங்கியது.

மென்படலம்:
அசிட்டோனில் தண்ணீர் இருக்கும். குப்பியைத் திறந்தே வைத்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதுக் குப்பியில் முயன்று பாருங்கள்.

குடுவைக்காரி:
மூன்றாவது முறை புதுக் குப்பிதான், உலர்த்தியும் இருந்தேன். பயனில்லை.

பழைய ஆய்வகம்:
அசிட்டோனில் தண்ணீர் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அசிட்டோன் எதற்கு என்பதே முதல் கேள்வி.

காட்மியம் செலினைடு செய்த பழக்கம் உங்களை ஏமாற்றுகிறது. உங்கள் குப்பியில் இருப்பது ஏறக்குறைய உப்பு. ஷெல் (வேறொரு பொருளாலான மேலுறை) எதுவும் போர்த்தாமலே 90 சதவீதம்வரை ஒளிர்வுத் திறன் தருகிறதே என்று எல்லோரும் வியக்கிறோம். அதன் மேற்பரப்பு எவ்வளவு தளர்வானது என்பதை மறந்துவிடுகிறோம். ஒலெயிக் அமிலம் தன் புரோட்டானை அமீனிடம் கொடுக்கிறது. அப்படி உண்டாகும் ஒலியேட்டும் ஒலெயில்அம்மோனியமும் படிகத்தின்மேல் ஒட்டுவதும் பிரிவதுமாகவே இருக்கின்றன. அசிட்டோன், எத்தனால் போன்ற முனைவுள்ள கரைப்பான்கள் வந்தால் பிரிந்தவை திரும்புவதில்லை. அம்மோனியம் போகும்போது புரோமைடையும் கூட்டிக்கொண்டு போகிறது. துணையிழந்த காரீய அயனிகள் ஒளிர வேண்டிய எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்கின்றன. மேலாடை இழந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து அடியில் படிகின்றன. உங்கள் மஞ்சள் வண்டல் அதுதான்.

ஆனால் பால் வெண்மை இந்தக் கணக்கில் வரவில்லை. கழுவிய பிறகு வேறு ஏதாவது சேர்த்தீர்களா?

குடுவைக்காரி:
ஆமாம் ஐயா. மேற்பரப்பு உரிந்திருக்கும் என்று நானும் ஊகித்து, ஈடுகட்ட ஒலெயில்அமீன் சேர்த்தேன். 200 மைக்ரோலிட்டர். அது கெடுதல் செய்யும் என்று தோன்றாததால் முதலில் குறிப்பிடவில்லை.

பழைய ஆய்வகம்:
மருந்தே நோயாகிவிட்டது. மிகுதியான அமீன் லெட் புரோமைடைப் பிணைத்துப் படிகத்திலிருந்து இழுத்துவிடும். சீசியம், காரீயம், புரோமைடு 1:1:3 என்றிருந்த பொருள் 4:1:6 என்று மாறிவிடும். அதில் காரீய-புரோமைடு எண்முகிகள் (ஒரு காரீயத்தைச் சுற்றி ஆறு புரோமைடு நிற்கும் எட்டுமுக அலகுகள்) ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது உறிஞ்சாது. அதனால்தான் வெண்மை.

ஊகத்தை நம்ப வேண்டாம், உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். 314 நானோமீட்டர் அருகே கூரான உச்சம் இருந்தால் சந்தேகமில்லை. குவார்ட்ஸ் குவெட்டில் (மாதிரியை ஊற்றி அளக்கும் சிறு கலம்) எடுங்கள். சாதாரணக் கண்ணாடி அந்தப் பகுதியை மறைத்துவிடும். ஒரு மாணவர் கண்ணாடியில் எடுத்துவிட்டு உச்சமே இல்லை என்று ஒரு வாரம் என்னோடு வாதாடினார்.

குடுவைக்காரி:
எடுத்தேன். 314இல் ஊசிபோல் நிற்கிறது. லெட் புரோமைடு சேர்த்தால் பழைய நிலைக்குத் திரும்புமா?

பழைய ஆய்வகம்:
திரும்பும், அப்படிச் செய்து காட்டியவர்கள் உண்டு. ஆனால் துகள் அளவு சீராக இருக்கும் என்று நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். புதிதாகச் செய்யுங்கள்.

குளிர்ந்த கலவையை எதையும் சேர்க்காமல் அப்படியே சென்ட்ரிபியூஜில் போடுங்கள். மேல்நீரைக் கொட்டிவிட்டு வண்டலை ஹெக்சேனில் கலக்கி, மறுபடி சுற்றுங்கள். இம்முறை அடியில் தங்கும் பெரிய துகள்களை விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுங்கள். மெல்லிய படலமாகப் பூசத்தான் வேண்டும், அதற்கு இன்னும் தூய்மை தேவை என்றால் மெத்தில் அசிட்டேட்டில் ஒரே ஒரு கழுவல். 2016இல் அயோடைடு படிகங்களைச் சூரிய மின்கலமாக்கிய குழு அதைத்தான் பயன்படுத்தியது. அதன்பிறகு டைடோடெசில் டைமெத்தில் அம்மோனியம் புரோமைடை டொலுயீனில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இழந்த புரோமைடும் கிடைக்கும், புரோட்டானைக் கைமாற்றாத மேலாடையும் கிடைக்கும். விளக்கைக் காட்டிக்கொண்டே சேருங்கள், ஒளி ஏறுவது நின்றதும் நிறுத்துங்கள். அளவு மீறினால் 1:2:5 என்ற இன்னொரு ஒளிராத பொருள் வந்து நிற்கும்.

மென்படலம்:
இடையில் ஒரு சந்தேகம். இதே படிகங்களை டைகுளோரோமீத்தேனில் வைத்திருந்தேன். விளக்கின்கீழ் நெடுநேரம் இருந்ததும் பச்சை நீலமாகிவிட்டது. துகள் சிறிதாகிவிட்டதா?

பழைய ஆய்வகம்:
இல்லை. ஒளி பட்டதும் கரைப்பானிலிருந்து குளோரைடு வெளிவந்து புரோமைடின் இடத்தைப் பிடிக்கிறது. டொலுயீனுக்கு மாறுங்கள்.

குடுவைக்காரி:
பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். மெத்தில் அசிட்டேட்டில் ஒரு கழுவல், பிறகு ஆறு சொட்டுப் புரோமைடு கரைசல். குப்பி தெளிவாக இருக்கிறது, உச்சம் 515இல் அசையாமல் நிற்கிறது. மிக்க நன்றி ஐயா. அடுத்த வாரம் என் ஆய்வகத் தோழி இதே அமைப்பில் சிவப்பு ஒளிர்வுக்காக அயோடைடு செய்யப்போகிறாள். கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பழைய ஆய்வகம்:
உங்கள் ஊசியை அவரிடம் கொடுக்காதீர்கள். குப்பியும் தனி. துளி அயோடைடு உங்கள் கரைசலில் விழுந்தால் அறை வெப்பநிலையிலேயே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சை மஞ்சள் பக்கம் நகர்ந்துவிடும். காரீயக் கழிவுக்கும் தனிக் குப்பி வையுங்கள். தொட்டியில் ஊற்றிவிட வேண்டாம்.