பறவை தேடுற சாதி நாய்க்குட்டியை வன்னியில பழக்கின ஆக்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

முள்ளியவளைப் பொடியன்:

என்ரது லாப்ரடோர் கலப்பு, வவுனியாவில ஒரு வீட்டில வாங்கினது, நாய் வளர்க்கிறதே எனக்கு இதுதான் முதல்தரம். வாங்கினதுக்குக் காரணம் மயில். மாரிக்குக் கச்சான் போட்டு முளை தலை காட்டினவுடன கூட்டமா இறங்கி ஒவ்வொண்டாக் கிளறி எடுத்துப்போடும், காட்டுக்கோழியும் கிளியும் வேற. அடிக்கேலாது, 1937இல வந்த வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சட்டம் இல்லாட்டிலும் நான் அடிக்க மாட்டன், கலைச்சுவிட்டால் காணும்.

இந்தச் சாதியள் எல்லாம் துவக்குக்காரருக்கு எண்டு உண்டாக்கினது. பொயின்டர் மணம் பிடிச்சவுடன ஒரு காலைத் தூக்கினபடி விறைச்சு நிக்கும், ஸ்பானியல் பத்தைக்குள்ள பூந்து பறவையை எழுப்பும், லாப்ரடோர் விழுந்ததை வாயால தூக்கிக்கொண்டு வந்து கையில தரும். தேடுறது அதுகின்ர ரத்தத்தில இருக்கு, அதை நாங்கள் பெரிசாப் பழக்கத் தேவையில்லை. வன்னியில முதல் பழக்க வேண்டியது "விடு" எண்டால் விடுறதும் "இரு" எண்டால் அந்த இடத்திலயே இருக்கிறதும்தான். இதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம், இதில நான் மாறவே மாட்டன்.

ஏனெண்டால் லாப்ரடோர் கண்டதையெல்லாம் வாயால தூக்கும். எங்கட காட்டுக்கரையில பன்றிவெடி கிடக்குது, தீனுக்குள்ள மறைச்சு வைக்கிறவை, கடிச்சவுடன வெடிச்சு வாய் சிதறிப்போம். கண்ணிவெடியும் அப்பிடித்தான், 2009இல சண்டை முடிஞ்சாப் பிறகு எவ்வளவோ எடுத்தாச்சு, முகமாலைப் பக்கம் ஹலோ ட்ரஸ்ட் ஆக்கள் அந்த வெய்யிலுக்குள்ள வருசக்கணக்காக் கிண்டி எடுத்தவை, ஆனாலும் பழைய பங்கரடியில மழை கழுவினாப் பிறகு துருப்பிடிச்ச சாமான் வெளிய வரும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை நாங்கள் வாசிப்பம், நாய் வாசிக்குமே?

"விடு" பழக்கினது இப்பிடி. ஒரு துண்டு கருவாட்டைக் கைக்குள்ள பொத்திக்கொண்டு நீட்டுறது, அது நக்கும், நோண்டும், முனகும், ஒண்டும் செய்யாமல் இருக்கிறது, மூக்கை எடுத்து விலகுற அந்த நொடியில "விடு" எண்டு சொல்லி மற்றக் கையால அவிச்ச முட்டையில கொஞ்சம் குடுக்கிறது. கருவாடு அதுக்குக் கடைசிவரை இல்லை. கை பழகினாப் பிறகு நிலத்தில வைச்சு, பிறகு நடக்கிற பாதையில முன்னுக்கே போட்டு வைச்சு, கயிற்றோட கூட்டிக்கொண்டு போறது. வாயில இருக்கிறதை இழுத்துப் பறிக்க மட்டும் கூடாது, பறிச்சால் இறுக்கிக் கடிக்கப் பழகும், இல்லாட்டித் தூக்கிக்கொண்டு ஓடும். நாலு மாசத்தில இருந்து ஆறு ஏழு மாசம் வரைக்கும் பாற்பல் விழுந்து முளைக்கிற காலம், முரசு நோகும், அப்ப எறிஞ்சு எடுக்கிற விளையாட்டை நல்லாக் குறைச்சிட்டன்.

"இரு"வுக்கு விசில். நீட்டா ஒண்டு எண்டால் இரு, குட்டிக் குட்டியா மூண்டு நாலு எண்டால் வா. சோளகக் காத்து அடிக்கிற நாளில வாயால கத்தினால் வரம்பு தாண்டிக் கேக்காது, மற்றது எங்களுக்குக் கோவம் வந்தால் குரல் மாறும், விசில் மாறாது. பத்து மீற்றர் நைலோன் கயிறு கழுத்தில இருந்து நிலத்தில இழுபடும், கூப்பிட்டு வராட்டில் கயிற்றை மிதிக்கிறது, ரெண்டாந்தரம் கூப்பிடுறேல்லை. காலமை வெய்யில் ஏற முதல் பத்து நிமிசம், பின்னேரம் பத்து நிமிசம், அவ்வளவுதான். கூடப் போனால் அது களைச்சு விளையாட்டா எடுத்துப்போடும்.

வயலுக்குள்ள இறக்கேக்க காத்து முகத்தில அடிக்கிற பக்கமா நடவுங்கோ. இந்த நாயள் காத்துக்கு எதிராத்தான் மணம் பிடிக்கும், காத்தை முதுகில வைச்சுக்கொண்டு போனால் மயிலுக்கு மேலயே போய் மோதும்.

நெடுங்கேணி அக்கா:

தம்பி வடிவா எழுதியிருக்கிறீர். எங்கட பொயின்டர் கலப்புப் பெட்டைக்குச் சத்தம்தான் பிரச்சினை. யானை வாற காலத்தில இரவிரவா யானைவெடி கொளுத்துவினம், எங்கட வளவுக்குப் பக்கத்திலயே ஒண்டு போட்டாங்கள், அதோட பிள்ளை கட்டிலுக்குக் கீழ பூந்தது, அடுத்த நாள் அடுப்படியில சட்டி விழுந்தாலும் நடுங்குது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்த நாய் வேட்டைக்கு உதவாது எண்டு முந்திச் சொல்லுவினம், எனக்கு வேட்டை தேவையில்லை, அது நிம்மதியாப் படுத்தால் காணும். இவர் படலையடியில நிண்டு தகர மூடியை மெல்லத் தட்டுவார், அதே நேரம் நான் சோறு வைப்பன். அது தலை நிமிர்த்தாமல் சாப்பிட்டால்தான் அடுத்த நாள் ரெண்டடி கிட்ட வருவார், நிமிர்த்தினால் திரும்பத் தூரத்துக்குப் போவார். இப்ப வெடி கேட்டால் காது நிமிரும், எழும்பி ஓடாது. குட்டியைச் சத்தத்துக்குப் பழக்கிறன் எண்டு தலைக்குப் பக்கத்தில சீனவெடி கொளுத்திற ஆக்கள் இருக்கினம், தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ.

முத்தையன்கட்டு அண்ணை:

லாப்ரடோர் எண்டால் தண்ணியைக் கண்டால் நிக்காது. குளத்தில விடாதேங்கோ தம்பி. எங்கட குளங்களில முதலை இருக்கு, கரையில தண்ணி குடிக்க இறங்கின நாயை என்ர கண்ணுக்கு முன்னாலயே இழுத்தது, அது பக்கத்து வீட்டுப் பிள்ளையள் வளர்த்தது, இண்டைக்கும் அந்தப் பக்கம் போனால் மனம் ஒரு மாதிரி. நான் என்ரதை வாய்க்காலில, முழங்காலளவு தண்ணி ஓடேக்க, அடி தெரியிற இடத்தில மட்டும் பழக்கினன், ஊர்க்கோழி இறகு கட்டின துணிப் பொட்டலம் எறிஞ்சு. அறுவடை முடிஞ்ச வயலில புடையன் பாம்பு கிடக்கும், வைக்கல் கும்பிக்குள்ள மூக்கை விட்டால் உடன "விடு". விசர்நாய் ஊசியை மறக்க வேண்டாம், அது வருசா வருசம்.

முள்ளியவளைப் பொடியன்:

அக்கா, அந்தத் தகர மூடி வேலையை நானும் தொடங்கப் போறன், இங்கயும் யானைவெடி கேக்கிறதுதான். அண்ணை, குளத்துக்கு இனிக் கயிறில்லாமல் கொண்டுபோகேன்.

இப்ப என்ரது மயிலைக் கண்டால் வரம்புவரைக்கும் கலைக்கும், நீட்டு விசில் கேட்டவுடன குந்தியிருந்து என்னைத் திரும்பிப் பாக்கும், மயில் பாலை மரத்தில ஏறிப்போம். வளவுக் கோழியளுக்கு நடுவில படுத்துக் கிடக்கும், தொடாது. ஆக்காட்டி நிலத்தில முட்டை வைக்கிற காலத்தில அந்த மூலைக்குக் கொண்டுபோறேல்லை, தாய்க்குருவி தலைக்கு மேல கத்திக்கொண்டு சுத்திறதைப் பாக்கப் பாவம். கிளிக்குத்தான் ஒரு வழியும் சரிவரேல்லை, அது மேல, நாய் கீழ. ஆராவது நாயை வைச்சுக் கிளி கலைச்சிருந்தால் எப்பிடி எண்டு எழுதுங்கோ.