லாரி ஓட்டுநரின் இழப்பீட்டைக் குறைத்த தீர்ப்பு: மேல்முறையீட்டுக்கு வழி சொல்லுங்கள்

தோழர்களுக்கு வணக்கம். தொழிலாளர் சட்டம் அறிந்தவர்களின் உதவி தேவைப்படுகிறது.

என் சித்தப்பா லாரி ஓட்டுநர். பணியின்போது நடந்த விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவச் சான்றிதழில் ஊனம் 50 விழுக்காடு. ஆனால் இனி லாரி ஓட்ட முடியாது என்பதால், வருமானத் திறன் முழுவதும் போய்விட்டதாகக் கொண்டு தொழிலாளர் துணை ஆணையர் இழப்பீடு வழங்கினார். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. உட்கார்ந்து செய்யும் வேலைகள் இருக்கின்றனவாம். (ஐம்பது வயதுக்காரருக்கு அதை யார் கொடுப்பார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.) உயர் நீதிமன்றம் அதை ஏற்று இழப்பீட்டைப் பாதியாக்கிவிட்டது. இழப்பீட்டுக்கான 12 விழுக்காடு வட்டியில் கைவைக்கவில்லை.

இடக்கையை இழந்த தச்சருக்கு முழு ஊனம் என்று கணக்கிட்டது சரியே என 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சீனிவாச சபாதா வழக்கு எங்களுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். மேலும், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தானே உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு? ஆணையர் முடிவு செய்த உண்மைகளை உயர் நீதிமன்றம் மறுபடி அலசக் கூடாது என்று 2016இல் கொல்லா ராஜண்ணா வழக்கிலும் தீர்ப்பு இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் போக 90 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்குள்ள சட்டப் பணிகள் குழு மூலம் இலவச வழக்கறிஞர் பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள்? ஆணையரிடம் செலுத்தப்பட்டுள்ள தொகையில் பாதியை இப்போதே வாங்கிக்கொண்டால் வழக்கு பலவீனப்படுமா? வீட்டில் அவசரமாகப் பணம் தேவை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.