கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் ஒரு தொகை

கொருக்குப்பேட்டைக்காரன்:

சம்பள விஷயத்தில் அரசாங்கம் என்று ஒன்று இருப்பது எப்போது கண்ணில் பட்டது என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பட்டது ஒரு பிஸ்கட் டப்பாவில். அப்பா பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லில் வேலையில் இருந்தவர். சம்பளச் சீட்டை ஒன்று விடாமல் அந்தத் தகர டப்பாவில் போட்டு வைப்பார். 1996இல் மில் மூடியபோது, பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அலைந்ததெல்லாம் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான். கிராஜுவிட்டி கணக்கை அம்மா தலைகீழாகச் சொல்வாள்: மாசச் சம்பளத்தை 26ஆல் வகு, 15ஆல் பெருக்கு, அப்புறம் எத்தனை வருஷமோ அத்தனையால் பெருக்கு.

அப்பாவுக்கு 1918 என்றால் போதும், பேச ஆரம்பித்துவிடுவார். அந்த வருஷம்தான் பி.பி. வாடியா என்ற தொழிற்சங்கத் தலைவரும் திரு.வி.க.வும் இந்த மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். மில் கம்பெனி வாடியா மேலேயே வழக்குப் போட்டு ஹைகோர்ட்டில் தடை வாங்கியது. சங்கம் வைத்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்றால் எவன் சங்கம் வைப்பான்? அந்தக் கேள்வி பெரிதாகித்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சரி, என் கதை. 2018இல் மணலிப் பக்கம் ஒரு கிடங்கில் கான்ட்ராக்ட் வேலை. பெயர் வேண்டாம். அதற்கு முந்தைய வருஷம்தான் சம்பளத்தை பேங்கில் போடுவதற்கு வழிசெய்து சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். எங்கள் கான்ட்ராக்டரும் சொன்ன தேதியில் பேங்கில்தான் போட்டார், முழுசாக. ஆனால் எங்கள் 24 பேருடைய ஏ.டி.எம். கார்டும் சூப்பர்வைசர் சட்டைப்பையில், ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக இருக்கும். ஒவ்வொரு கார்டின் முதுகிலும் கறுப்பு ஸ்கெட்ச்சில் பின் நம்பர். ஏழாம் தேதி ராத்திரி அவர் மெஷினுக்குப் போவார். காலையில் எங்கள் கையில் 8,000. கணக்கில் வந்தது 11,400.

லேபர் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும்; குறைத்துக் கொடுத்த தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரைக்கும் ஈடு வாங்கித் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். அப்புறம் என் பாஸ்புக்கைப் புரட்டினார். "முழுசா வந்திருக்கே தம்பி" என்றார். உண்மைதான், முழுசாகத்தான் வந்திருந்தது. காகிதப்படி எனக்கு ஒரு குறையும் இல்லை!

"மத்தவங்க பாஸ்புக் கிடைக்குமா?" என்று அவர்தான் கேட்டார். நாலு பேர்தான் கொடுத்தார்கள், என்னுடையதோடு ஐந்து. மேசையில் வரிசையாகப் பரப்பி, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒரே தேதி. எடுத்ததும் ஒரே மெஷின். "அஞ்சு வீட்டுக்காரங்களும் ஒண்ணா க்யூல நின்னீங்களோ?" என்று சிரித்தார். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு விசாரித்ததில் மூன்று மாத வித்தியாசம் கைக்கு வந்தது. பத்து மடங்கெல்லாம் யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் முதல் அந்த ஐந்து பேருக்கும் வேலைக்குக் கூப்பிட்டு போன் வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

வியாசர்பாடி அக்கா:

தம்பி, உனக்காவது காட்ட பாஸ்புக் இருந்தது. நான் மூன்று வீட்டில் பாத்திரம் துலக்குகிறேன், எல்லாம் தெற்கே. வீட்டு வேலைக்கும் மணிக்கணக்கில் கூலி நிர்ணயித்து 2018இல் அரசாணை வந்ததாம். இத்தனை வருஷத்தில் எந்த வீட்டம்மாவும் என்னிடம் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டால் நாளைக்கு வேறு ஆள்.

2021இல் பெண்களுக்கு ஒயிட்போர்டு (சாதாரணக் கட்டண) பஸ் இலவசம் ஆனதும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வீட்டில் சம்பளத்தோடு பஸ்ஸுக்கென்று 400 ரூபாய் தனியாகக் கொடுப்பார்கள். அந்த மாதமே, "இனிமே டிக்கெட் இல்லையே, அது எதுக்கு?" என்று நிறுத்திவிட்டார்கள். கோட்டையில் இருந்து எனக்கு வந்தது அந்த அம்மாவின் பர்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மாசம் ஆயிரம் உரிமைத் தொகை வருவதைப் பற்றி அந்த வீட்டில் நான் இன்றுவரை மூச்சு விடவில்லை.

ராயபுரம்:

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் கட்டட வாசலில் உட்கார்ந்தது நினைவிருக்கும். நான் அந்த வேலையில் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார், இரண்டு நாள் பிளாஸ்க்கில் டீ கொண்டுபோனேன். குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் விட்டால் வாங்குகிற சம்பளத்தில் பல ஆயிரம் குறையும் என்பதுதான் அவர்கள் பயம். 13ஆம் தேதி நள்ளிரவில், ஹைகோர்ட் உத்தரவைச் சொல்லி, போலீஸ் அப்புறப்படுத்தியது. மறுநாளே அவர்களுக்குக் காலை உணவு தருவதாக அறிவிப்பு. அக்கா சொன்னது: "இட்லி வேணாம்னு சொல்லல. நான் யார்ட்ட வேலை செய்றேன், அதச் சொல்லட்டும்."

கொருக்குப்பேட்டை அண்ணே, அந்தக் கார்டு திரும்பக் கிடைத்ததா?

கொருக்குப்பேட்டைக்காரன்:

கிடைத்தது. இப்போது வேறு இடத்தில் வேலை, அதுவும் கான்ட்ராக்ட்தான். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பில் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று இருக்கிறதே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "உனக்கு எதுக்குடா லெட்டரு, கல்யாணப் பத்திரிகையா?" என்கிறார். அடுத்த வாரம் மறுபடி கேட்கப்போகிறேன்.

கார்டின் முதுகில் இருந்த அந்த நாலு எண்ணை சர்ஃப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. பின் நம்பரை மாற்றிவிட்டேன்.