ஹாபர் நல்லவரா கெட்டவரா? "ரெண்டும்தான்"னு சொன்னா நழுவுறதா?

சும்மாகேக்கறேன்:
ஃபிரெண்ட்ஸ் குரூப்ல ஜெர்மன் கெமிஸ்ட் ஃபிரிட்ஸ் ஹாபரை வச்சு ஒரு சண்டை. காத்துல இருக்கற நைட்ரஜனை அம்மோனியாவா மாத்த வழி கண்டுபிடிச்சவர், இன்னைக்கு வயலுக்குப் போடற யூரியாவுக்கு அதான் அடிப்படை, அதுக்கு 1918-க்கான கெமிஸ்ட்ரி நோபலும் வாங்கினார். அதே மனுஷன்தான் முதல் உலகப்போர்ல, 1915 ஏப்ரல்ல பெல்ஜியத்துல ஈப்ர் பக்கத்துல குளோரின் வாயுவைத் திறந்து விட்ட வேலைய முன்ன நின்னு நடத்தினதும். ஒருத்தன் "கொலைகாரன், அவ்ளோதான்"ங்கறான், இன்னொருத்தன் "உலகத்துக்கே சோறு போட்டவர்டா"ங்கறான். நான் "அவ்ளோ சுலபமா சொல்லிட முடியாதுப்பா"ன்னேன், ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்து என்னைய ஓட்டறாங்க. நிஜமாவே நழுவுறேனா?

வெட்டுஒண்ணு:
ஆமா ப்ரோ, நழுவுறீங்க. விஷவாயு அடைச்ச குண்டு போட மாட்டோம்னு 1899-லயே நெதர்லாந்துல ஹேக் நகரத்துல நடந்த மாநாட்டுல ஒத்துக்கிட்ட நாடுகள்ல ஜெர்மனியும் உண்டு. அப்புறம் என்ன பண்ணாங்க, குண்டுல அடைக்கல, சிலிண்டரைத் திறந்து காத்தோட விட்டோம், அதனால விதிய மீறலன்னு வாதம் பண்ணாங்க! இந்த "அவ்ளோ சுலபம் இல்ல"ங்கற பேச்சு பாதி நேரம் இதுக்குத்தான் உதவுது, அதுவும் பெரிய ஆளுங்க மாட்டும்போது மட்டும். சின்ன திருடனுக்கு யாரும் இவ்ளோ யோசிக்கறதில்ல.

மெதுவா:
மேல சொன்னதுல பாதி சரி. செயலைப் பத்தி தீர்ப்பு சொல்ல தயங்கவே வேணாம், வாயு விட்டது தப்பு, முடிஞ்சுது. ஆனா அதோட "அவன் ராட்சசன்"னு மூடிட்டா நமக்கு ஒண்ணுமே மிஞ்சாது, ஏன்னா அவர் தன்னை ராட்சசனா நினைச்சுக்கல, நாட்டுக்கு விசுவாசமா இருக்கேன், சண்டை சீக்கிரம் முடியும்னு நம்பித்தான் செஞ்சார், அந்த மாதிரி நம்பிக்கை நமக்கும் வரலாம் இல்லையா. இத்தனைக்கும் யூத வம்சத்துல பிறந்தவர்ங்கறதால, நாஜிங்க ஆட்சிக்கு வந்த 1933-ல அதே நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதா போச்சு. அது பாவம்தான், ஆனா அதனால ஈப்ர்ல செத்தவங்க கணக்கு குறையாது. கூட்டிக் கழிச்சு மிச்சம் பாக்கறதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம், உங்க ரெண்டு ஃபிரெண்டும் அதைத்தான் பண்றாங்க, விடை மட்டும் வேற வேற.

சும்மாகேக்கறேன்:
அப்போ உரம் நல்லது, வாயு கெட்டதுன்னு தனித்தனியா சொல்லிடலாமா? குரூப்ல அப்படியே போடப் போறேன்.

பழையலேப்:
போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சார். அந்த அம்மோனியாவ ஃபேக்டரி அளவுக்குக் கொண்டு போனது கார்ல் பாஷ்ங்கற இன்னொரு ஜெர்மன் கெமிஸ்ட், 1913-ல ஜெர்மனியில ஓப்பாவ்ங்கற ஊர்ல ஆலை ஓட ஆரம்பிச்சுது. அடுத்த வருஷமே யுத்தம், பிரிட்டிஷ் கப்பல்படை மறிச்சதால சிலியில இருந்து வெடியுப்பு, அதாவது நைட்ரேட், வரல. அப்புறம் ஜெர்மனிக்கு வெடிமருந்து செய்ய நைட்ரேட் கொடுத்ததுல பெரிய பங்கு இதே அம்மோனியாவுக்குத்தான். சோறு போட்டதும் அதான், பீரங்கிக்குத் தீனி போட்டதும் அதான். இதையும் சேர்த்துப் போடுங்க, சண்டை இன்னும் ஒரு வாரம் ஓடும் 😄