வீட்டுக் கைக்காசுக்குக் கடன் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் சொல்லுங்கள்

2023 ஜூனில் ஊரப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஆனால் சமையலறையில் நல்ல வெளிச்சம். 48 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். எனக்குக் கையில் வரும் சம்பளம் 82,000. சேமிப்பு 6 லட்சம். வீட்டுக்கடன் கிடைத்துவிடும் என்று தெரியும். இடித்தது, வங்கி தருவது போக நாமே போட வேண்டிய கைக்காசுதான்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் என்றால் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி 38.4 லட்சம், நாங்கள் 9.6 லட்சம். அதோடு பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 4.32 லட்சம். இதை வங்கி மதிப்பில் சேர்ப்பதில்லை. (அந்த ஏப்ரலுக்கு முன்னால் 11 சதவீதம். குறைத்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டால், அதே சமயத்தில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரச் செலவைக் கணக்கிட அரசு வைக்கும் மதிப்பை, ஏற்றியிருந்தார்கள்.) மொத்தம் 14 லட்சம் வேண்டும். துண்டு விழுந்தது 8.

மச்சான் 3 லட்சம் தருவதாகச் சொன்னார். மீதி 5 லட்சத்துக்கு நான் பண்ணிய காரியம், பர்சனல் லோன். செல்போனிலேயே பத்து நிமிடத்தில் முடிந்தது. 13.5 சதவீதம், ஐந்து வருடம், மாதம் 11,505. பணம் கணக்கில் ஏறியதும் வீடே வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கடன் மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த வங்கியில் எல்லா இஎம்ஐயும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அதாவது 41,000. 38.4 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் இருபது வருடம் போட்டால் 34,550 வரும். தனியாக இருந்தால் தாராளமாக அடங்கும். ஆனால் 11,505 ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு மிச்சம் 29,495. அதற்கு எவ்வளவு கடன் வரும் என்று தட்டினார். 32.78 லட்சம்.

திரும்பப் படியுங்கள். கைக்காசுக்கு என்று 5 லட்சம் வாங்கினேன், அதனால் வீட்டுக்கடனில் 5.6 லட்சம் குறைந்துபோனது. வாங்காமலே இருந்திருந்தால் 60,000 லாபம். "சார், இதை முதலில் வந்து கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம்தான்.

அந்தக் கடனை அப்படியே திருப்பி அடைத்தேன். முன்கூட்டி அடைப்பதற்கு 4 சதவீதம், அதற்கு ஜிஎஸ்டி, ஆக 23,600 ரூபாய் தண்டம். கடன் முடிந்த கடிதத்தை வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

அப்புறம் நகைதான். அம்மாவுடையதும் மனைவியுடையதுமாக 18 பவுன். வங்கியில் அப்ரைசர் ஒரு மணி நேரம் பார்த்தார். ஒவ்வொன்றையும் கல்லில் உரசி, சொட்டு அமிலம் விட்டு, லென்ஸில் பார்த்து. அம்மாவின் அட்டிகையை மட்டும் இரண்டு தடவை புரட்டினார். "உள்ளே அரக்கு இருக்கும்மா, கல்லும் கழியும்." நாற்பது வருடமாக மூன்றரைப் பவுன் என்று சொல்லிக்கொண்டிருந்த அட்டிகை அந்த மேஜையில் இரண்டே கால் ஆனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு, "அந்த ஆசாரி அப்பவே ஏமாத்திட்டான்டா" என்றார். கழித்தது போக 130 கிராம், கிராமுக்கு 3,900, கையில் 5 லட்சத்துச் சொச்சம். மாதத் தவணை இல்லாத கடன் என்பதால் அந்த மேலாளர் இதை இஎம்ஐ கணக்கில் சேர்க்கவில்லை. எல்லா வங்கியிலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கிவிட்டோம். உங்கள் அனுபவம்?

—

திருப்பூர்க்காரர்

நான் சீட்டில் எடுத்தேன். பதிவு பெற்ற கம்பெனி, 10 லட்சம் சீட்டு, 50 மாதம், மாதம் 20,000. பதினாலாவது மாதம் வீடு அமைந்தது, ஏலத்தில் கேட்டேன். அந்த மாதம் பார்த்து இன்னும் மூன்று பேருக்கு அவசரம். தள்ளு, அதாவது சீட்டுத் தொகையில் நாம் விட்டுக்கொடுக்கிற பணம், ஏறி ஏறி 2.8 லட்சத்தில் நின்றது. கையில் 7.2 லட்சம்.

கையில் என்று சொல்கிறேனே தவிர, கைக்கு வரவில்லை. ஏலம் எடுத்தால் போதாது, ஜாமீன் வேண்டும். சம்பளச் சான்றிதழோடு மூன்று பேர், அதில் இரண்டு பேராவது அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் நண்பர், உடனே கையெழுத்துப் போட்டார். இரண்டாமவரைத் தேடி அலைந்ததில் ஏழு வாரம் போய்விட்டது. வீட்டுக்காரர் அக்ரிமென்ட் தேதியை ஒரு தடவை தள்ளிக் கொடுத்தார், இரண்டாவது தடவை முகம் கொடுக்கவில்லை. அந்த வீடு போச்சு. பணம் வந்தபோது வீடு இல்லை. நாலு மாதம் கழித்துத்தான் வேறு அமைந்தது. சீட்டை நம்பினால் எடுப்பதற்கு முன்னாலேயே ஜாமீன்காரர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

—

மதுரை

தாய்மாமா 7 லட்சத்தை மஞ்சப்பையில் வைத்து, மேலே நாலு தேங்காயைப் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். நிலம் விற்ற காசு, கணக்கில் இருந்ததுதான். ஆனாலும் எடுத்து ரொக்கமாகத்தான் தருவேன் என்பது அவர் பழக்கம். ஆடிட்டரிடம் சாதாரணமாகச் சொன்னேன், மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு, அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகலாம் என்றார். 7 லட்சத்துக்கு 7 லட்சம்!

மாமாவைச் சமாதானப்படுத்தி அவர் கணக்கிலேயே திரும்பக் கட்ட வைத்து, அங்கிருந்து ஆர்டிஜிஎஸ் போட வைத்தோம். "என் தங்கச்சி மகனுக்கு நான் குடுக்குறதுக்கு எவன்டா கேள்வி கேக்குறது" என்று அவர் போட்ட சத்தத்தில் பாங்க்கே திரும்பிப் பார்த்தது. கடைசியில் அன்பளிப்பு என்றே எழுதிக் கொடுத்துவிட்டார். தாய்மாமன் தந்தால் மருமகனுக்கு வரி கிடையாது. ஆனால் நான் மாதாமாதம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு கதை.

—

லண்டன், ஈஸ்ட் ஹாம்

இங்கேயும் அதே பிரச்சினைதான். எங்கள் ஆட்களுக்குள் பிடிக்கிற சீட்டில் 12,000 பவுண்ட் விழுந்தது, டெபாசிட்டுக்கென்று கணக்கில் போட்டேன். அடமானக் கடன் தருகிற இடத்தில் ஆறு மாத ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டு இது என்ன காசு என்றார்கள். சீட்டை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு இருக்கிறதே! எழுத்தில் ஒன்றும் இல்லை, சீட்டு பிடிக்கிற அக்காவின் கொப்பி மட்டும்தான். கடைசியில் அதை விட்டுவிட்டு அப்பாவின் காசைக் காட்டினோம். அவர் "இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் பங்கும் கேட்கமாட்டேன்" என்று கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. கடன் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அதையும் என் செலவில் கணக்குப் போட்டிருப்பார்கள். நாற்பது வயது ஆகாதவர்கள் இங்கே இருந்தால் லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து வையுங்கள். வருடம் 4,000 போட்டால் அரசாங்கம் 1,000 போடுகிறது. 450,000 பவுண்டுக்கு மேல் போகாத முதல் வீட்டுக்குத்தான் அது, லண்டனில் அந்த விலைக்குத் தேட வேண்டும்.

—

திருச்சி

யாராவது "ரெண்டு வட்டிக்கு வாங்கித் தருகிறேன்" என்றால் ஓடிவிடுங்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24. நான் 4 லட்சம் வாங்கி இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 1.92 லட்சம் கட்டினேன், அசலில் ஒரு பைசா குறையவில்லை. இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

—

முதலில் எழுதியவன்

இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன.

நகையை மீட்டாயா என்று ஒருவர். பாதி. முதல் வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தோம். 2025இல் போனபோது எங்கள் கிளையில் அது முடியாது என்றார்கள். அசலையும் கட்டி நகையை வெளியே எடுத்து, மறுநாள்தான் மறுபடி வைக்க முடியுமாம். ஒரு நாளைக்கு 5 லட்சத்துக்கு எங்கே போவது? வங்கி வாசலிலேயே அதற்கென்று ஆள் இருக்கிறார், ஒரு நாள் வாடகைக்குப் பணம். அவரிடம் போகாமல் அலுவலக நண்பர்கள் மூன்று பேரிடம் புரட்டி எட்டுப் பவுனை மீட்டு, மீதியை மறுநாள் வைத்தோம். அட்டிகை வெளியே வந்துவிட்டது.

பர்சனல் லோனைச் சொல்லாமல் மறைத்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பக்கூட இல்லை தம்பி, மறந்துபோய்விட்டேன். மேலாளர் என் பான் எண்ணைப் போட்டதும், நம் கடன்களையெல்லாம் பதிந்து வைக்கிற சிபிலில் முதல் வரியிலேயே நின்றது.