10 பேர்ச்சஸுக்கு மரண சாசனம் எதற்கு?

ஹட்டன்_மூத்தவன்: அப்பாவுக்கு 64 வயது. அவர் பெயரில் 10 பேர்ச்சஸ் காணி, அதில் ஒரு வீடு. உறுதி (காணிப் பத்திரம்) கையில் இருக்கிறது. நாங்கள் மூன்று பிள்ளைகள், தம்பி கத்தாரில். தனக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று மரண சாசனம் (உயில்) எழுதி வைக்கச் சொன்னேன். "இப்பவே எனக்குப் பாடை கட்டுறியா?" என்று தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நான் கேட்டது தப்பா?

பசறை_மாமா: தப்புத்தான் தம்பி. அதெல்லாம் கொழும்பில் மாடி வீடு வைத்திருப்பவனுக்கு. நம்ம ஆட்கள் எத்தனையோ பேர் இன்னும் தோட்டத்து லயக் காம்பிராவில். அதை யாருக்கு எழுதுவது? காணி இருந்தாலும் பிள்ளைகளுக்குத்தானே போகும். எழுதினால்தான் 'அவனுக்கு ஏன் கூட' என்று சண்டை.

கொழுந்துக்கூடை: லயக் காம்பிரா நம்முடையதல்ல, எழுத முடியாது, சரி. மற்றது அப்படி இல்லை மாமா. எழுதாமல் போனால் 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. அம்மாவுக்கு 5 பேர்ச்சஸ், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றரைக்குச் சற்றுக் கூட. அதில் கோழிக்கூடு கட்டலாம். வீட்டை விற்க நாலு பேரின் கையெழுத்தும் வேண்டும். கத்தார்த் தம்பிக்கு லீவு கிடைக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

பசறை_மாமா: நமக்குத் தேசவழமை, அந்தத் தமிழர் வழக்கச் சட்டம், இருக்கே?

கொழுந்துக்கூடை: அது வடக்குத் தமிழருக்கு. மலையகத்தில் நமக்குப் பொதுச் சட்டம்தான்.

பண்டாரவளை_அக்கா: என் பெரியம்மா 31 வருடம் குடும்பம் நடத்தினார். கோயிலில் தாலி, பதிவு இல்லை. பெரியப்பா போனதும் அவருடைய தம்பிமார் "கல்யாணச் சேட்டிபிகேட்டைக் காட்டு" என்றார்கள். வழக்கப்படி நடந்த கல்யாணமும் செல்லும், ஆனால் நிரூபிக்க வேண்டுமே. தாலி எடுத்துக் கொடுத்த ஐயர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்த ஒரே படத்தில் தாலி கட்டும் கைதான் தெரிந்தது, முகமெல்லாம் பூஞ்சணம். அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு சட்டத்தரணி வீட்டுக்கு நடந்தார். பெரியப்பா ஒரு தாளில் அவர் பெயரை எழுதியிருக்கலாம்.

பசறை_மாமா: தாளில் எழுதினால் போதுமா?

கொழுந்துக்கூடை: சும்மா எழுதினால் போதாது. உறுதி எழுதும் நொத்தாரிசும் 2 சாட்சிகளும் முன்னால் இருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் 5 சாட்சிகள், ஒரே நேரத்தில். 1840ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைக்கும் அதுதான். சொத்து கிடைக்கப் போகிறவரையோ அவர் புருஷன், பெண்சாதியையோ சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அப்புறம், எழுதின பிறகு கல்யாணம் முடித்தால் பழையது செல்லாது.

பசறை_மாமா: சாசனம் இருந்தாலும் கோர்ட்டுக்குப் போகத்தானே வேண்டும்? அதைவிட இப்போதே நன்கொடை உறுதி எழுதி, சீவிய உரித்தை, சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, நம் கையில் வைத்துக்கொள்வது மேல்.

கொழுந்துக்கூடை: மாவட்ட நீதிமன்றம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொடுத்த நன்கொடையைத் திரும்ப வாங்குவது லேசில்லை. சாசனம் பிடிக்காவிட்டால் நாளைக்கே கிழித்துவிட்டு வேறு எழுதலாம்.

பண்டாரவளை_அக்கா: உறுதி மாறின மறுமாதமே தாய்க்குச் சோறு குறைந்த வீடும் எனக்குத் தெரியும் மாமா.

ஹட்டன்_மூத்தவன்: அப்பாவிடம் 'வேண்டாமென்றால் கிழிக்கலாம்' என்று மட்டும் சொன்னேன். பேசாமல் அலுமாரி மேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். உறுதி, என் தடுப்பூசி அட்டை, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) தாள். ஈபிஎப்பில் பின்னுரித்தாளி, அதாவது அவருக்குப் பிறகு பணம் வாங்க வேண்டியவர், இன்னும் செத்துப்போன அப்பாயி. கல்யாணத்துக்கு முன்னால் போட்டது.

பசறை_மாமா: அதை முதலில் மாற்றச் சொல்லு தம்பி. நான் நன்கொடை உறுதிதான்.